மழைக்கு மரம் ஓய்கிறது, இயந்திரம் ஓயவில்லை!

விடியற்காலை மழையில் வெட்டுப்பட்டை நனைந்துவிட்டால் பெரட்டில் என்ன சொல்லுகிறார்கள்? "இன்று வெட்டு இல்லை!" பால் மங்கில் விழாமல் மரத்தில் வழிந்து வீணாகும் என்பது நிர்வாகத்திற்கு நன்றாகத் தெரியும். ஆனால், அதே காலையில் மறுநடவுக் காட்டின் மலைச்சரிவிலே புல்டோசர் உறுமிக்கொண்டிருக்கிறது. பாலுக்குள்ள மரியாதை ஆளுக்கு இல்லை என்றுதான் நாம் சொல்லவேண்டியிருக்கிறது.

நனைந்த செம்மண் சங்கிலிச் சக்கரத்தில் அப்பிக்கொண்டால் பிடிப்புப் போய்விடும். சரிவில் நேராக ஏறி நேராக இறங்கவேண்டும். குறுக்கே ஓட்டினால், ஒரு பக்கம் கட்டையும் மறுபக்கம் பள்ளமும் வந்தால் போதும், கவிழ்ந்துவிடும். இறங்கும்போது சிறிய கியரில் இறங்கவேண்டும். கியரை விலக்கி உருள விடலாகாது. படிபடியாகத் தளம் வெட்டுமிடத்தில் வெளியோரம் புதிதாகத் தள்ளிய மண். பார்வைக்குத் தரை, மழைக்குப் பின் கூழ். கூண்டுள்ள இயந்திரத்திலும் இடுப்பு வாரைக் கட்டாமல் அமர்ந்து, கவிழும்போது வெளியே குதிப்பவர் மீது அந்தக் கூண்டே விழும்.

இவையெல்லாம் ஓட்டுகிறவருக்குத் தெரியாதவை அல்ல. கிராணி வேலை பார்க்கும் நம்மைவிட அவர் நன்றாகவே அறிவார். தெரிந்தும் ஏன் ஏறுகிறார்? குத்தகைக்காரருக்கு ஏக்கர் கணக்கு. அவருக்கோ ஓடிய மணிக்குத்தான் கூலி. இயந்திரம் நின்றால் அடுப்பும் நின்றுவிடும். இதைச் சொல்லாமல் "கவனமாக ஓட்டு" என்று அட்டை எழுதி மாட்டுவது வீண் வேலை.

"அவர் குத்தகை ஆள், நம் சங்கத்தவர் அல்லரே" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். சரிவின் கீழே கன்று நடுகிறவர் யார்? மருந்தடிக்கிறவர் யார்? மேலும், 1994-ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் முதலாளியின் சொந்த ஆட்களோடு நின்றுவிடவில்லை. அவருடைய தொழிலால் ஆபத்துக்குள்ளாகக்கூடிய மற்றவர்களையும் காக்கச் சொல்லுகிறது. 2024 ஜூன் 1-இல் நடப்புக்கு வந்த திருத்தமோ, உடனடி ஆபத்தை நீக்க முதலாளி ஒன்றும் செய்யாவிட்டால் தொழிலாளி அவ்விடத்தை விட்டு விலகலாம் என்கிறது. நல்ல உரிமைதான். ஆனால் அன்றைய கூலி போய்விடும் என்ற பயம் இருக்கும்வரை எவர் விலகுவார்?

ஆகவே, அடுத்த மறுநடவுக்கு முன்பே கிளைக் கூட்டத்தில் பேசுங்கள். மழையால் இயந்திரம் நிற்கும் நாளுக்கும் ஓட்டுநருக்குக் கூலி உண்டென்று குத்தகைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். காலையில் வெட்டுப்பட்டையைத் தொட்டுப் பார்க்கிற அதே ஆள், சரிவின் மண்ணையும் மிதித்துப் பார்த்துவிட்டு வரட்டும். அதைப் புத்தகத்தில் பதிய நாம் தயார்.