நாளை எழுதுவோருக்கு ஒரு மறுப்பு

எழுத்தாளருக்கு யோசனை கூறுவோரின் தொகை எழுதுவோரின் தொகையை மிஞ்சிவிட்ட காலம் இது. தலைநகரில் எந்தத் தமிழ்க் கூட்டத்திற்குச் சென்றாலும் இரண்டு வாசகங்கள் தவறாமல் காதில் விழுகின்றன. மேடையில் இருப்பவர், “எழுத்து என்பது தவம், காலையில் வருகையைப் பதிந்துவிட்டு மாலை வரை கோப்புகளோடு மல்லாடுபவனுக்கு அது கைகூடாது” என்கிறார். கீழே அமர்ந்திருப்பவர் பெருமூச்செறிந்து, “ஓய்வு பெறட்டும், அப்புறம் பாருங்கள்” என்கிறார். முன்னது ஆணவம், பின்னது சோம்பல். ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து நிற்கும் இவ்விரண்டு கூற்றுகளும் பொய் என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். இருபத்தேழு வயது முதல் முப்பத்தெட்டு வயது வரை ஒரு கதையையும் எழுதி முடிக்காமல் இதே பொய்யைச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். ஆகவே பிறரைக் குறைகூறும் முன் என்னைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டே பேசுகிறேன்.

என்னை எழுப்பியது ஒரு நோட்டுப் புத்தகம். எங்கள் பிரிவில் என்னினும் மூத்தவர் ஒருவர் இருந்தார். தஞ்சை மாவட்டத்துக்காரர். கதை சொல்லத் தொடங்கினால் தேநீர் ஆறிப்போவது தெரியாது. “எல்லாவற்றையும் எழுதப்போகிறேன், தம்பி, இன்னும் நாலு வருஷம்தான்” என்பார். நாலு மூன்றாகி, மூன்று ஒன்றாகி, ஓய்வும் வந்தது. ஓய்வு பெற்ற ஐந்தாம் மாதத்தில் மாரடைப்பில் காலமானார். துக்கம் விசாரிக்கச் சென்ற என்னிடம் அவருடைய துணைவியார் நீள அட்டை போட்ட அந்த நோட்டைக் கொடுத்தார். பக்கத்துக்கு ஒரு தலைப்பு. தலைப்புக்குக் கீழே இரண்டு வரி, மூன்று வரி. நாற்பதுக்கு மேற்பட்ட தலைப்புகள்! முடிக்கப்பட்ட கதை ஒன்றுகூட இல்லை. “இதில் ஏதாவது தேறுமா, பாருங்கள்” என்று அந்த அம்மையார் கேட்டபோது என்னால் விடை சொல்ல முடியவில்லை.

அவரைக் கொன்றது நோய். அவர் கதைகளைக் கொன்றது எது? அலுவலகம் என்பீர்களாயின், வரலாறு அதை ஒப்புக்கொள்ளாது.

தமிழின் முதல் நாவல் எனப் போற்றப்படும் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் வெளிவந்தது. அதை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை முன்சீப்பாக அரசுப் பணி புரிந்தவர். வங்கத்தில் பங்கிம் சந்திரர் 1858 முதல் 1891 வரை ஆங்கில அரசில் டெபுடி மாஜிஸ்திரேட்டாகவும் டெபுடி கலெக்டராகவும் உழைத்தார். 1865இல் ‘துர்கேசநந்தினி’யும் 1882இல் ‘ஆனந்த மடம்’ நூலும் அப்பணிக்கு இடையே வெளிவந்தவை. ஓய்வு பெற்ற மூன்றாம் ஆண்டில், 1894இல், அவர் மறைந்தார். ஓய்வுக்காக அவர் காத்திருந்தால் வங்க நாவலின் வரலாறு என்னவாகியிருக்கும்?

நம் காலத்துக்கு அருகே வருவோம். தி. ஜானகிராமன் பள்ளி ஆசிரியராகவும் பின்னர் அகில இந்திய வானொலியில் சென்னையிலும் தில்லியிலும் பணியாற்றியும் ‘மோகமுள்’ளையும் ‘அம்மா வந்தா’ளையும் எழுதினார், 1982இல் 61ஆம் வயதில் மறைந்தார். லா. ச. ராமாமிருதம் வங்கியில் இருந்துகொண்டு எழுதியவர். நாஞ்சில் நாடன் மும்பையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், 1977இல், ‘தலைகீழ் விகிதங்கள்’ வெளிவந்தது. நம் தில்லியிலேயே ஆதவன் முதலில் ரயில்வேயிலும் பின்பு நேஷனல் புக் டிரஸ்டிலும் பணியாற்றினார். ‘காகித மலர்கள்’, ‘என் பெயர் ராமசேஷன்’ ஆகியவை அவர் தந்தவை. 1987இல் சிருங்கேரியில் துங்கை ஆறு அவரைக் கொண்டுபோனபோது அவருக்கு வயது 45. மத்திய அரசில் ஓய்வு பெறும் வயது இப்போது 60. ‘அறுபதுக்குப் பிறகு’ என்று அவரும் ஒத்திவைத்திருந்தால், தில்லித் தமிழ் நடுத்தர வர்க்கத்தின் மனத்தைத் திறந்து காட்டிய அந்தப் பக்கங்கள் நமக்குக் கிட்டியிருக்குமா?

“விதிகள் இடம் கொடுக்கவில்லையே” என்று சிலர் மெல்ல நழுவுவர். விதியைப் படித்துப் பார்க்காமல் விதியின்மேல் பழி போடுவது அரசு ஊழியனுக்கு அழகன்று. 1964ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணி நடத்தை விதிகளில் 15ஆம் விதி, அலுவல் கடமைக்கு ஊறு நேராத வகையில், அவ்வப்போது இலக்கியப் பணி மேற்கொள்ள முன் அனுமதி வேண்டியதில்லை என்கிறது.  அரசின் கொள்கையையும் செயலையும் பகிரங்கமாகக் கண்டிப்பதைத்தான் 9ஆம் விதி தடுக்கிறது. மாமியார் மருமகள் கதை எழுதவும், மனிதனின் தனிமையை எழுதவும் எந்த விதியும் குறுக்கே நிற்கவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்!

எனினும் மறுதரப்பின் நியாயத்தை மறைக்க விரும்பவில்லை. பிராகு நகரில் 1908 முதல் 1922 வரை தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் பணியாற்றிய காஃப்கா, அலுவலகம் தம் எழுத்தைத் தின்கிறது என்று ஓயாமல் நொந்துகொண்டவர். அவர் தொடங்கிய மூன்று நாவல்களும் முற்றுப்பெறவில்லை. அசோகமித்திரன் ஜெமினி ஸ்டூடியோ வேலையை 1966இல் விட்டுவிட்டு எழுத்தையே வாழ்வாகக் கொண்டார். அந்தத் துணிவை வணங்குகிறேன். ஆனால் காஃப்கா நொந்துகொண்டே இரவில் எழுதினார். நொந்துகொண்டு சும்மா இருக்கவில்லை. அசோகமித்திரனுக்கும் அந்த ஸ்டூடியோ ஆண்டுகள் வீணாகவில்லை. திரைப்பட உலகின் உள்ளும் புறமும் அறிந்த ஒருவரால்தான் ‘கரைந்த நிழல்கள்’ எழுத முடியும். வேலை நேரத்தைப் பறிக்கிறது, உண்மை. பதிலுக்கு மனிதர்களைத் தருகிறது. பறிபோனதை மட்டும் கணக்கெழுதுவது நேர்மையான கணக்கன்று.

சரி, வழி என்ன? தவம், தரிசனம், உள்ளொளி முதலிய பெருஞ்சொற்களை ஒருபுறம் வைத்துவிட்டு, அன்றாடம் கைக்கொள்ளத்தக்க சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, மாறாத ஒரு நேரம். ஆங்கில நாவலாசிரியர் அந்தோனி டிரோலோப் அஞ்சல் துறை ஊழியர். காலை ஐந்தரை மணிக்கு மேசைமுன் அமர்ந்துவிடுவார். தம்மை எழுப்பிக் காப்பி தருவதற்கென்றே வேலையாள் ஒருவருக்குத் தனி ஊதியம் அளித்தார். முதல் அரைமணி முன்பு எழுதியதைப் படிப்பார். பின்பு கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால்மணிக்கு 250 சொற்கள் எழுதுவார். இவ்வாறு அவர் முடித்த நாவல்கள் 47. அவர் மறைந்தபின் 1883இல் வெளிவந்த சுயசரிதையில் இதைப் படித்த மேதாவிகள் பலர், ‘இவர் கலைஞரா, இயந்திரமா?’ என்று முகம் சுளித்தனர். சுளித்தவர்களின் பெயர்களை இன்று யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

நமக்குக் கால்மணிக்கு 250 சொற்கள் வேண்டா. ஒரு நாளுக்கு 250 போதும். கையெழுத்தில் ஏறக்குறைய இரண்டு பக்கம். ஆண்டின் 365 நாள்களில் காய்ச்சல், கல்யாணம், ஊர்ப் பயணம், விருந்தினர் வருகை என 125 நாள்களைத் தாராளமாகத் தள்ளிவிடுங்கள். எஞ்சும் 240 நாள்களில் 60,000 சொற்கள் சேரும். அது ஒரு நாவல். உத்வேகத்தை எதிர்பார்த்து நாம் கழித்த ஆண்டுகளை இந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தால் நெஞ்சு சுடும்.

இரண்டாவது, அன்றைய எழுத்தை முற்றும் வடித்துவிட்டு எழாதீர்கள். அடுத்த வாக்கியம் தெரிந்திருக்கும்போதே பேனாவை மூடுங்கள். மறுநாளுக்குரிய கோப்பை முதல்நாள் மாலையே மேசைமேல் எடுத்து வைப்பவன் வந்தவுடன் வேலையைத் தொடங்குகிறான் அல்லவா? அதே முறைதான். வெற்றுத்தாளைப் பார்த்து அஞ்சும் அச்சத்துக்கு இதைவிட மலிவான மருந்து இல்லை.

மூன்றாவது, சட்டைப் பையில் துண்டுத்தாள். கைப்பேசியில் குறித்தாலும் சரியே. ஆனால் கைப்பேசியைத் திறந்தவன் குறிப்பெடுப்பதோடு நிற்பதில்லை என்பது என் அனுபவம். உணர்ச்சிகளைக் குறிக்காதீர்கள், காதில் விழுந்த பேச்சையும், விலையையும், மணத்தையும், கைகளின் அசைவையும் குறியுங்கள். ‘மனம் கனத்தது’ என்னும் குறிப்பு ஆறு மாதம் கழித்து எதற்கும் உதவாது.

நான்காவது, நல்ல அலுவலகக் குறிப்பின் ஒழுங்கைக் கதைக்குக் கொண்டுவருவது. கோப்பில் பொருளை முதலில் சொல்கிறோம், பிறகு விதி, முன்னுதாரணம், கருத்து கடைசியில்தான். நம் கதாசிரியர்களோ எடுத்த எடுப்பில் கருத்தை வைத்துவிடுகின்றனர். ‘அவர் பரம ஏழை, மானம் மிகுந்தவர்’ என்று எழுதினால் வாசகர் தலையசைத்துவிட்டு மறந்துவிடுவார். மாதம் இருபதாம் தேதிக்குப் பின் வெறும் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிவந்து, உணவு இடைவேளையில் “வயிறு சரியில்லை” என்று சொல்லிப் புல்வெளிப் பக்கம் நடந்துவிடும் கடைநிலை ஊழியரைக் காட்டுங்கள். ஏழை, மானம் என்னும் சொற்களுக்கு அங்கே வேலையில்லை. மேலதிகாரி ‘பேசுக’ என்று எழுதித் திருப்பியனுப்பும் கோப்பைப் போலவே, கருத்து முந்திய கதையையும் வாசகர் திருப்பியனுப்புகிறார். எழுதி அனுப்பாததால் நமக்குத் தெரிவதில்லை.

ஐந்தாவது, வரைவு வேறு, செம்பிரதி வேறு. எழுதி முடித்த கதையை இரண்டு வாரம் உறங்க விடுங்கள். பிறகு வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தடுக்கும் இடத்தில் வாக்கியம் பழுதுபட்டிருக்கிறது. முதல் பத்தியை நீக்கிவிட்டுப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் கதை அங்கிருந்துதான் தொடங்கும். ஊருக்குச் செல்லும் ரயிலில் கிடைக்கும் ஒன்றரை நாள் திருத்தத்துக்கென்றே வாய்த்தது. அதைச் சீட்டாட்டத்துக்குக் கொடுத்துவிட்டு ‘நேரமில்லை’ என்று சொல்வதற்கு நமக்கு என்ன உரிமை?

ஆறாவது, அனுப்புகைப் பதிவேடு. எந்தக் கதை, எந்த இதழுக்கு, எந்தத் தேதியில் சென்றது, என்ன விடை வந்தது என நான்கு கட்டங்கள். படி எடுத்து வைக்காமல் எதையும் அனுப்பாதீர்கள். கதை திரும்பி வந்தால் ஒரு வாரத்துக்குள் ஒருமுறை திருத்தி அடுத்த இதழுக்கு அனுப்புங்கள். நிலுவையை அலுவலகத்தில் அனுமதிக்காத நாம் வீட்டில் மட்டும் ஏன் அனுமதிக்கிறோம்?

ஏழாவது, எழுதாத கதையை யாரிடமும் சொல்லாதீர்கள். என் மூத்த நண்பர் தம் கதைகளைத் தேநீர்க் கடையிலேயே செலவழித்துவிட்டார். கேட்டவர் சிரித்தவுடன் கதைக்குக் கூலி கிடைத்துவிடுகிறது. பிறகு அது காகிதத்துக்கு வர மறுக்கிறது.

எட்டாவது, அலுவலக நேரத்திலும் அலுவலகக் காகிதத்திலும் கணினியிலும் ஒரு வரியும் எழுதாதீர்கள். இது விதிக்காக மட்டும் சொல்வதன்று. திருடிய நேரத்தில் எழுதுபவனுக்குக் காலடியோசை கேட்டுக்கொண்டே இருக்கும். அவன் வாக்கியமும் திடுக்கிட்டுத் திடுக்கிட்டு நிற்கும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, ஒரு வினாவுக்கு விடையிறுக்காமல் முடிப்பது கோழைத்தனம். ‘காலை ஐந்தரை மணிக்கு எழுதுக’ என்று ஆண்மகன் எளிதில் சொல்லிவிடலாம். அந்நேரத்தில் அடுப்பை மூட்டி, நான்கு டப்பாக்களில் உணவு நிரப்பி, பிள்ளைகளை அனுப்பி, தானும் அலுவலகத்துக்கு ஓடும் பெண் எப்போது எழுதுவாள்? டிரோலோப்புக்குக் காப்பி கொண்டுவர ஆள் இருந்தான். அவளோ எல்லாருக்கும் காப்பி கொடுப்பவள். அவளிடம் போய் ‘ஒழுங்கு வேண்டும்’ என்று உபதேசிப்பது அநீதி. ஒழுங்கு வேண்டியது அவ்வீட்டு ஆண்களுக்கு. வாரத்தில் மூன்று காலை அடுப்படி அவர்களுடையதாகட்டும். இலக்கியக் கூட்டத்தில் பெண் எழுத்தின் வறுமை பற்றி முழங்குவோர், முதலில் தம் வீட்டில் அரைமணி நேரத்தை விடுவித்துவிட்டு மேடையேறட்டும். என் வீட்டில் இதைத் தொடங்கியபின்தான், என் மனைவி பள்ளி நாள்களில் கவிதை எழுதியவள் என்னும் செய்தியே எனக்குத் தெரியவந்தது. பதினைந்து ஆண்டு இல்லறத்துக்குப் பின்!

இம்முறையால் எல்லாரும் ஜானகிராமனாகிவிடுவர் என்று நான் கூறவில்லை. நானும் ஆகவில்லை. கடந்த ஐந்து ஆண்டுகளில் எழுதிய கதைகளுள் பாதிக்கு மேல் திரும்பி வந்துவிட்டன. ஆனால் திரும்பி வருவதற்கு முதலில் ஒரு கதை இருக்க வேண்டும். மேதைமை நம் கையில் இல்லை. மேசைமுன் அமர்வது நம் கையில் இருக்கிறது. கையில் இருப்பதைச் செய்யாமல், இல்லாததைக் காரணம் காட்டுவதையே நான் கண்டிக்கிறேன்.

அந்த நீள நோட்டு என் அலமாரியில் இருக்கிறது. அதிலுள்ள ஒரு தலைப்பு, ‘மூன்றாம் நம்பர் மேசை’. கீழே இரண்டே வரி: புதிதாக வந்த எழுத்தர் ஒருவர், தமக்குமுன் அம்மேசையில் இருந்தவர் இழுப்பறைக்குள் பென்சிலால் எழுதிவைத்த பெயரைக் காண்கிறார். யார் பெயர், ஏன் எழுதினார், பிறகு என்ன நடந்தது என்பதெல்லாம் அவருக்கு மட்டுமே தெரியும். எனக்குத் தெரியாது, இனி எவருக்கும் தெரியப்போவதில்லை.

இம்மலரைப் படிக்கும் அன்பர்களுள் பலரிடம் இப்படியொரு நோட்டு இருக்கும் என்பதை அறிவேன். அதை நாளைக் காலையில் திறவுங்கள். முதல் தலைப்பின்கீழ் 250 சொற்கள் எழுதிவிட்டு அலுவலகத்துக்குப் புறப்படுங்கள்.