களத்தில் இருக்கிறது பாடம்

பிளஸ் 2 முடிவு வந்ததும் பொறியியலுக்கும் பி.காமுக்கும்தான் அடிபிடி. பொருளாதாரம், சமூகப்பணி எல்லாம் இடம் கிடைக்காதவர்களின் புகலிடம் என்ற எண்ணம் இன்னும் மாறவில்லை.

1837-இல் பள்ளியாகத் தொடங்கி, 1937-இல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் வரலாறு வேறு கதை சொல்கிறது. அங்கே தத்துவம் படித்த ராதாகிருஷ்ணன் குடியரசுத் தலைவரானார். 1940-களில் பொருளாதாரம் கற்பித்த மால்கம் ஆதிசேஷய்யா, யுனெஸ்கோவில் உயர் பொறுப்பு வகித்துத் திரும்பி, 1971-இல் சென்னை வளர்ச்சி ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார்.

பழம்பெருமை மட்டும் சோறு போடாது; இந்தப் படிப்புகளுக்கு உயிர் தருவது களப்பணி. களப்பணி என்பது மரக்கன்று நட்டுப் படம் பிடிப்பதல்ல. ரேஷன் கடையில் கைரேகை பதியாமல் திரும்பும் மூதாட்டியின் மனுவைத் தாலுகா அலுவலகம்வரை பின்தொடரும் மாணவர், பொது நிர்வாகத்தை அங்கேயே கற்றுவிடுவார். அந்த அலைச்சலுக்கும் தேர்வுத்தாளுக்கு இணையான மதிப்பெண்ணைக் கல்லூரிகள் வழங்க வேண்டும்.