மருந்து குறையும்போது யாருக்கு முதலிடம்?



இலவச வைத்தியம் எமது நாட்டின் பெருமை. ஆயினும் இலவசம் என்பதனால் எல்லாம் எப்போதும் கிடைத்துவிடும் என்று கொள்ள முடியாது. 2022ஆம் ஆண்டு நாட்டில் அந்நியச் செலாவணி வற்றியபோது, மார்ச் மாதத்தில் பேராதனைப் போதனா வைத்தியசாலையில் அவசரமற்ற சத்திரசிகிச்சைகள் மருந்துத் தட்டுப்பாட்டினால் இடைநிறுத்தப்பட்டன. இருப்பது குறையும்போது யாருக்கு முதலில் கொடுப்பது என்ற கேள்வி அன்று நாடு முழுவதற்கும் எழுந்தது. படுவான்கரை மக்களுக்கு அது பழைய கேள்வி.

பாம்புக்கடியை எடுத்துக்கொள்வோம். வேளாண்மை வெட்டும் காலத்தில் வயலில் புடையன் கடிக்கிறது. இரவில் குடிசைத் தரையில் படுத்திருப்பவரைக் கட்டுவிரியன் கடிக்கிறது. 2017இல் உலக சுகாதார நிறுவனம் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. கடிபடுவோர் பெரும்பாலும் ஏழை விவசாயிகள் என்பதே அப்புறக்கணிப்புக்கு ஒரு காரணம்.

விஷமுறிவு மருந்து இந்தியாவிலிருந்து வருகிறது. ஒருவருக்கே பத்து, இருபது குப்பிகள் வேண்டியிருக்கும். "எங்கள் ஊர் மருந்தகத்திலும் நாலு குப்பி வையுங்கள்" என்று கேட்பது நியாயம் போலத் தோன்றும். ஆனால் நாலு குப்பி ஒருவரையும் காப்பாற்றாது. அம்மருந்து ஏற்றும்போது பலருக்கு ஒவ்வாமை உண்டாகும். சிலருக்கு அது உயிராபத்தாகவும் முடியும். வைத்தியர் பக்கத்தில் நின்று கவனிக்க வேண்டும். எனவே, ஊருக்கு ஊர் சமமாகப் பிரிப்பது இங்கு நீதியாகாது.

ஆனால் மருந்தைத் தூரத்தில் வைப்பவர்களுக்கு, கடிபட்டவரை அங்கே கொண்டுசேர்க்கும் கடமையும் உண்டு. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை அவ்விடத்தில் 'பாதை' ஏறித்தான் வாவியைக் கடக்க வேண்டியிருந்தது. பாலமும், மழைகாலத்திலும் வண்டி ஓடக்கூடிய வீதியும், 1990 இலக்கத்துக்கு அழைத்தால் வரும் இலவச அம்புலன்ஸும் வைத்தியத்தின் பகுதிகளே. பட்டணத்தில் காசுள்ளவருக்குத் தனியார் வைத்தியசாலை உண்டு; அக்கரை விவசாயிக்கு இந்த வழி ஒன்றே. அவர் வழிக்குத்தான் முதற் செலவு.

இடம்பெயர்ந்தோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பங்கீடு பதிவைப் பார்த்தே நடக்கிறது. பதிவில் இல்லாத குடும்பம் பங்கிலும் விடுபட்டுப் போகலாம். ஆகவே இப்போது தங்கியிருக்கும் இடத்துக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் உடனே பதிந்துகொள்ளுங்கள்.

அதன்பின் கிராம அபிவிருத்திச் சங்கமாக ஒன்றுகூடி, சுகாதார வைத்திய அதிகாரியிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: தாமதித்தால் யாருடைய உயிர் போகும்? யாருக்கு வேறு வழி இல்லை? இந்த முடிவு என்ன காரணத்தால் எடுக்கப்பட்டது? "இல்லை" என்ற பதிலை நாம் சில வேளை ஏற்கத்தான் வேண்டும். ஏன் இல்லை என்று அறியும் உரிமையை மட்டும் விட்டுக்கொடுக்கலாகாது.