ஓய்வும் உழைப்பும்: மலையேறும் சைக்கிள்

சென்ற இதழ் வெளியான பின்னர் அம்மையார் ஒருவர் இப்பகுதிக்குக் கடிதம் எழுதியிருந்தார். பத்தாம் வகுப்பில் படிக்கும் தம் மைந்தன் மலைப்பாதையில் ஓட்டும் சைக்கிள் ஒன்று வேண்டுமெனப் பிடிவாதம் செய்கிறானாம். ஞாயிறுதோறும் நண்பர்களுடன் வேதாள் டேக்டிக்குப் போவதாகச் சொல்கிறானாம். இது வீண் செலவா, உயிருக்கு ஆபத்தா, அன்றி நல்ல பழக்கந்தானா என்று வினவியிருக்கிறார். புணேயில் குடியேறிய நம் குடும்பங்கள் பலவற்றிலும் இதே வழக்கு நடந்துகொண்டிருக்கக் கூடும். ஆதலின் இம்மாதப் பகுதியை இதற்கே ஒதுக்கினேன்.

விடையை முதலிலேயே கூறிவிடுகிறேன். வாங்கித் தரலாம், ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. வண்டியைப் பேணும் வேலையைப் பையன் தன் கையாலேயே செய்ய வேண்டும். அதைக் கற்காதவன் மலையேறலாகாது.

இந்த விளையாட்டின் வரலாறே இந்நிபந்தனைக்குச் சான்று. அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்து மாரின் வட்டாரத்தில், ஃபேர்ஃபேக்ஸ் என்னும் சிற்றூரை அடுத்து ஒரு செங்குத்தான மண்பாதை உண்டு. 1976-ஆம் ஆண்டு முதல் இளைஞர் சிலர் பழைய கனத்த சைக்கிள்களை ஓட்டிக்கொண்டு அதில் இறங்கிப் பந்தயம் நடத்தினர். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின்சக்கரத்தின் நடுக்குடத்துக்குள்ளேயே பிடிக்கும் பிரேக்குதான் அவ்வண்டிகளில் இருந்தது. இறக்கம் முடிவதற்குள் அக்குடம் கொதித்து, உள்ளிருந்த கிரீஸ் புகைந்து போகும். வீடு திரும்பியதும் குடத்தைப் பிரித்துப் புதுக் கிரீஸ் அடைத்தாக வேண்டும். அதனால் பந்தயத்துக்கே 'ரீபேக்', அதாவது 'மறுபடி அடைப்பு' என்று பெயர் வைத்தார்கள். 1977-இல் ஜோ பிரீஸ் என்பவர் இவ்வேலைக்கெனவே புதிய சட்டம் அமைத்து வண்டி செய்தார். 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கிலேயே இப்பந்தயம் இடம்பெற்றது. இத்தனை பெருமைக்கும் தொடக்கம், கையில் கிரீஸ் படிய உட்கார்ந்து செய்த வேலைதான்.

நிற்க. நம் ஊர் மலையின் இயல்பைப் பார்ப்போம். வேதாள் டேக்டி கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 800 மீட்டர் உயரம்; நகர எல்லைக்குள் இதுவே உயர்ந்த இடம். தக்காணத்து எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான கரும்பாறை அடியிலே கிடக்கிறது. அது சிதைந்து உதிர்ந்த சரளை, இறக்கங்களில் கடலையைப் பரப்பியது போல் கிடக்கும். சக்கரம் வழுக்குவது பெரும்பாலும் இங்கேதான். மழைக்காலத்திலோ கரிசல் மண் டயரில் அப்பி, சட்டத்துக்கும் சக்கரத்துக்கும் இடையே அடைத்துக்கொண்டு, வண்டியைத் தோளில் சுமக்கும்படி செய்துவிடும்.

ஆகவே முதற்பாடம் பிரேக்கு. எந்தக் கைப்பிடி எந்தச் சக்கரத்தைப் பிடிக்கிறது என்பதைச் சமதரையில் ஓட்டிப் பார்த்து மனத்தில் இருத்த வேண்டும். எல்லா வண்டியிலும் அது ஒன்றுபோல் இராது. வண்டியை நிறுத்தும் வலிமை முன்பிரேக்கில்தான் மிகுதி. ஆயினும் செங்குத்தில் அதை வெடுக்கெனப் பிடித்தால் ஓட்டுபவன் ஹேண்டில்பாருக்கு மேலாகப் போய் விழுவான். உடலைப் பின்னுக்குத் தாழ்த்தி, இரு பிரேக்கையும் மெல்லப் பிடித்து, திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். திருப்பத்தின் நடுவில் பிடிப்பது சறுக்கலை அழைப்பதாகும். ரிம்மைப் பிடிக்கும் பிரேக்காயின், கட்டைகளில் புதைந்த கற்பொடியை ஊசியால் எடுத்துவிட வேண்டும். இல்லையேல் ரிம்மையே அது அரித்துவிடும். தட்டுப் பிரேக்காயின், தட்டின்மேல் ஒரு சொட்டு எண்ணெயும் படலாகாது. ஸ்பிரிட்டில் நனைத்த தூய துணியால் துடைத்தல் நலம்.

அடுத்தது டயர். சாலையில் ஓட்டுவதுபோல் கல்லாகக் காற்றடித்தால் சரளையில் பிடிப்பு இராது. டயரின் பக்கத்தில் அச்சிட்ட எல்லைக்குள், கீழ் அளவை ஒட்டிக் காற்று இருக்கட்டும். மலையில் முள்ளுக்குப் பஞ்சமில்லை. பஞ்சர் ஒட்டுமுன் டயரின் உட்புறத்தை விரலால் கவனமாகத் தடவி முள்ளைக் கண்டெடுத்தாக வேண்டும். டியூபை மட்டும் ஒட்டிவிட்டு முள்ளை விட்டுவைத்தால், வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறிய கதைதான். அதுவும் வேதாளத்தின் பெயர்கொண்ட மலையிலேயே!

மூன்றாவது செயின். இதில் நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு: சமையலறைத் தேங்காய் எண்ணெயைச் செயினில் விடுவது. மார்கழி மாதத்துப் புணேக் குளிரில் அந்த எண்ணெய் சீசாவிலேயே உறைந்து நிற்பதை நாம் அறிவோம். செயினிலும் அது அவ்வாறே உறைந்து புழுதியைப் பிடித்துக்கொள்ளும். சைக்கிள் செயினுக்குரிய எண்ணெயைக் கணுவுக்கு ஒரு துளி விட்டு, சற்றுநேரம் கழித்து, மேலே நிற்பதைத் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் கணுவுக்குள் இருந்தால் போதும். வெளியே இருப்பது அழுக்கைத்தான் சேர்க்கும்.

செயின் தேய்ந்துவிட்டதா என்று அறிய, கடைக்காரர் சொல்லை நம்பிக் காத்திருக்க வேண்டியதில்லை. தையற்காரர் நாடாவே போதும். புதுச் செயினில் 24 கண்ணிகளின் நீளம், ஊசிக்கு ஊசி, சரியாக 12 அங்குலம். அது வீசம், அதாவது 1/16 அங்குலம் கூடிவிட்டால் செயினை மாற்றிவிட வேண்டும். அரைக்கால், அதாவது 1/8 அங்குலம் கூடும்வரை விட்டால் பல்சக்கரங்களும் தேய்ந்து, அவற்றையும் சேர்த்து மாற்ற நேரும். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் நமக்கு, அந்த வீசத்துக்கும் அரைக்காலுக்கும் இடையேதான் வீண் செலவு ஒளிந்திருக்கிறது.

சேற்றோடு திரும்பினால் வாளித் தண்ணீரும் துணியும் போதும். வேகமாகப் பீறிடும் குழாய்த் தண்ணீர், பேரிங்குக்குள் புகுந்து கிரீஸை வெளியேற்றிவிடும்.

விடுமுறையில் ஊருக்குக் கொண்டுபோக விரும்புவோர்க்கு, பார்சல் மேசையருகே உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் ஒரு சொல். சைக்கிளை ரயிலில் பதிவுசெய்து அனுப்பலாம். பெடல்களைக் கழற்றி, செயினைப் பின்புறத்தின் பெரிய பல்சக்கரத்தில் ஏற்றி, கியர் பகுதியைச் சாக்கால் சுற்றிக் கட்டுங்கள். இடப்பக்கப் பெடலின் மரை மட்டும் எதிர்த்திசையில் கழலும். இதை அறியாமல் பலங்கொண்ட மட்டும் முறுக்கினால் மேலும் இறுகத்தான் செய்யும். பெயரும் சேருமிடமும் இரண்டு இடங்களில் எழுதியிருக்கட்டும்.

வண்டியைப் போலவே மலையையும் பேண வேண்டும். ஈரமண்ணில் சக்கரம் இழுத்த கோடு வாய்க்காலாகி, அடுத்த மழையில் பாதையையே அரித்துச் செல்லும். ஆதலால் மண் உலரும்வரை பொறுத்திருப்பது ஓட்டுபவன் கடமை. காலையிலும் மாலையிலும் அங்கே நடக்க வரும் முதியோர் பலர். அவர்களைக் கண்டால் மணியடித்து விரட்டாமல், இறங்கி வழிவிட்டு, மராத்தியில் ஒரு வணக்கம் சொல்லட்டும். எவ்வழியில் சைக்கிளுக்கு அனுமதி உண்டு என்பதை அறிவிப்புப் பலகையைப் பார்த்தும் வனக்காவலரைக் கேட்டும் அறிந்துகொள்ள வேண்டும். அலுவலகமும் கடைவீதியும் கோயிலும் ரயில் நிலையமுமே ஊரென்று வாழும் பெற்றோருக்கு, இந்த ஊரின் மண்ணையும் மனிதரையும் பிள்ளைகள் அறிமுகம் செய்துவைப்பார்களாயின் அதுவும் ஓர் ஆதாயமே.

அந்த அம்மையாருக்கு இறுதியாக ஒரு யோசனை. வீட்டிலோ அண்டையிலோ உள்ள பழைய சைக்கிள் ஒன்றில் பையன் மூன்று வேலைகளைச் செய்து காட்டட்டும்: சக்கரத்தைக் கழற்றி மாட்டுதல், பஞ்சர் ஒட்டுதல், செயினை அளந்து கணக்குச் சொல்லுதல். மூன்றிலும் தேறினால் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். தலைக்கவசமும் காற்றடிக்கும் பம்பும் முதலில் வாங்குங்கள். மீதிப் பணத்துக்கு எவ்வண்டி கிடைக்கிறதோ அதுவே போதும்.