கதவுக்கு வெளியே நிற்பவன்

இந்த நகருக்கு நான் படிக்க வந்த முதல் மாதம் அது. கரோல்பாக்கில் குடியிருக்கும் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் இரவுச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார். பிளாக்கின் எழுத்தைச் சரியாக நினைவில் வைத்திருந்த நான், வீட்டு எண்ணை மட்டும் மாற்றிப் போட்டுவிட்டேன். மணி ஒன்பதுக்கு மேலாகிவிட்டது; தெருவில் மின்சாரமும் இல்லை. கதவைத் தட்டினேன். உள்ளே ஒரு குரல் ஏதோ கேட்டது, எனக்கு விளங்கவில்லை. மறுபடியும் தட்டினேன். கதவு திறந்தது. கையில் தடியுடன் ஒரு பெரியவர் நின்றார். அவருக்குப் பின்னால் ஓர் அம்மையார் உரக்கச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அப்போது எனக்குத் தெரிந்த இந்திச் சொற்கள் நான்கு. அந்த நான்கையும் வரிசை தப்பிச் சொன்னேன். பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தடியைச் சுவரில் சாத்தினார். பிறகு தாமே தெருவில் இறங்கி வந்து சரியான வீட்டைக் காட்டிவிட்டுப் போனார்.

இதை இதுநாள் வரை விடுதியில் வேடிக்கைக் கதையாகத்தான் சொல்லி வந்தேன். சென்ற மாதம் நம் சங்கத்தின் சனிக்கிழமைக் கூட்டத்தில் நடந்த வாதத்துக்குப் பின் அது எனக்கு வேடிக்கையாகத் தோன்றவில்லை.

அன்றைய பொருள், 'அமெரிக்காவில் குடியேறுவோருக்குத் துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமை வேண்டுமா?' என்பது. டெக்ஸாஸ் மாநிலத்தில் மேற்படிப்புக்கு இடம் பெற்றிருக்கும் நண்பர் ஒருவர், 'வேண்டும்' என்ற கட்சியில் வெகு திறமையாகப் பேசினார். அவருக்குக் கைதட்டல் பலமாகக் கிடைத்தது. எனக்கு அன்று சரியான பதில் நாவில் வரவில்லை. அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

முதலில் சட்டம் இன்னதென்று தெரிந்துகொள்வோம். தன் வீட்டில் தற்காப்புக்காகத் துப்பாக்கி வைத்துக்கொள்வது தனிமனிதனின் உரிமை என்று அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு 2008-இல் தீர்ப்புக் கூறியது. ஆனால் அந்நாட்டில் கால் வைத்த எல்லோருக்கும் அந்த உரிமை கிடையாது. கிரீன் கார்டு என்று வழங்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர் துப்பாக்கி வாங்கலாம். மாணவர் விசாவிலோ வேலை விசாவிலோ இருப்பவர் வாங்கவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது. வேட்டைக்கு மாநில அரசாங்கம் தரும் லைசென்ஸ் பெற்றிருத்தல் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. 1997-இல் சுற்றுலா விசாவில் வந்த ஒருவர், பிளாரிடாவில் துப்பாக்கி வாங்கி, நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்து உச்சியில் மக்களைச் சுட்டார். மறு ஆண்டே, 1998-இல், இந்தத் தடை சட்டமாயிற்று.

இது வெறும் ஏட்டுச் சட்டம் அன்று. ஐக்கிய அரபு நாட்டைச் சேர்ந்த மாணவர் ஒருவர் பிளாரிடாவில் படித்துக்கொண்டிருந்தார். மதிப்பெண் போதவில்லை என்று கல்லூரி அவரை நீக்கியது; அதோடு அங்கே தங்கும் உரிமையும் போயிற்று. பிறகு ஒருநாள் துப்பாக்கிப் பயிற்சிக் கூடத்துக்குப் போய்ச் சுட்டுப் பழகினார். அதற்காக அவருக்குப் பதினெட்டு மாதச் சிறை விதித்தார்கள். தம் தங்கும் உரிமை போய்விட்டது என்பது அவருக்குத் தெரிந்திருந்ததாகவும் சர்க்கார் நிரூபிக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு சொன்னது 2019-இல்தான். இத்தகைய குற்றத்துக்கு உச்ச தண்டனை முன்பு பத்தாண்டு. 2022 முதல் பதினைந்து ஆண்டு. கிரீன் கார்டு பெற்றவரானாலும், துப்பாக்கி பற்றிய குற்றத்தில் தண்டனை பெற்றால் நாடு கடத்தப்படலாம்.

இங்கேதான் நம் நண்பரின் கோபம். 'வெள்ளைக்காரன் 1878-இல் நம் நாட்டில் ஆயுதச் சட்டம் கொண்டுவந்தான். இந்தியன் கையில் ஆயுதம் இருக்க லைசென்ஸ் வேண்டும், ஐரோப்பியனுக்கு வேண்டாம் என்றான். அதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை?' என்று கேட்டார். வேலை விசாவில் போன இந்தியர் கிரீன் கார்டுக்காகப் பத்தாண்டுக்கு மேலும் காத்திருப்பதைச் சொன்னார். வீடு வாங்குகிறார்; வரி கட்டுகிறார்; பிள்ளைகள் அங்கேயே பிறந்து பள்ளிக்கூடம் போகின்றன; ஆனால் திருடன் வந்தால் பக்கத்து வீட்டுக்காரருக்கு உள்ள உரிமை இவருக்கு இல்லை. இது அநியாயம் அல்லவா என்றார்.

அடுத்து அவர் சொன்னது 1992-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் கலவரம். ராட்னி கிங் என்ற கறுப்பரை அடித்த போலீஸ்காரர்கள் விடுதலையானதும் நகரம் பற்றி எரிந்தது. ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கொரியாவிலிருந்து குடியேறி, சிறுகச் சிறுகச் சேர்த்துக் கடை வைத்தவர்களின் கடைகள் இரண்டாயிரத்துக்கு மேல் சேதமாயின. கூப்பிட்ட குரலுக்குப் போலீஸ் வரவில்லை. கொரியர் கடைக் கூரைகளின் மேல் துப்பாக்கியுடன் ஏறி நின்றார்கள். 'வேறு என்ன செய்திருக்க வேண்டும்?' என்று நண்பர் கேட்டபோது சபை அமைதியாக இருந்தது. நானும் அமைதியாகத்தான் இருந்தேன். அந்தக் கூரைமேல் நின்றவர்களைக் குறை சொல்ல எனக்கு இன்றும் வாய் வராது.

ஆயினும் நண்பர் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டார். அந்தக் கலவர நாட்களில் எட்வர்ட் லீ என்ற பதினெட்டு வயதுக் கொரிய இளைஞன் தன் இனத்தாரின் கடைகளைக் காக்கப் புறப்பட்டுப் போனான். கொள்ளைக்காரன் என்று கருதி அவனைச் சுட்டவர்கள் அவனுடைய இனத்தாரே. தாய் பத்திரிகையில் வந்த படத்தைப் பார்த்துத் தன் மகன் என்று நம்ப மறுத்தாள். காவலுக்குப் போனவனும் இருட்டில் அந்நியனாகிவிட்டான்.

அதற்கு ஓராண்டு முன்னால், 1991 மார்ச்சில், அதே நகரில் லட்டாஷா ஹார்லின்ஸ் என்ற பதினைந்து வயதுக் கறுப்பினச் சிறுமி ஒரு கொரியக் கடையில் ஆரஞ்சுச் சாறு ஒரு பாட்டில் எடுத்தாள். திருடுகிறாள் என்று கடைக்கார அம்மாள் பற்றினாள், கைகலப்பு மூண்டது. சிறுமி பாட்டிலை வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். பின்தலையில் குண்டு பாய்ந்தது. அவள் கையில் இரண்டு டாலர் இருந்தது. சாற்றின் விலை ஒரு டாலர் எழுபத்தொன்பது சென்ட். கடைக்கார அம்மாள் கொடியவள் அல்லள். அஞ்சி அஞ்சிக் கடை நடத்தியவள். கோர்ட்டு குற்றவாளி என்றது. ஆனால் சிறை விதிக்கவில்லை. மறு ஆண்டுக் கலவரத்தில் கொரியர் கடைகள் குறிவைக்கப்பட்டதற்கு இந்தத் தீர்ப்பு மூட்டிய கோபமும் ஒரு காரணம். குடியேறியவன் கையில் துப்பாக்கி வந்தவுடன் அவனுடைய அச்சம் தீரவில்லை. அச்சத்துக்கு ஒரு குண்டு கிடைத்தது, அவ்வளவுதான்.

இனி அதே 1992-ஆம் ஆண்டின் அக்டோபர் 17-ஆம் நாள். லூயிசியானா மாநிலத்து பேட்டன் ரூஜ் நகரம். ஜப்பானின் நகோயாவிலிருந்து ஓராண்டுப் படிப்புக்கு வந்திருந்த யோஷிஹிரோ ஹட்டோரி என்ற பதினாறு வயது மாணவன், தான் தங்கியிருந்த வீட்டுப் பையனோடு ஒரு மாறுவேட விருந்துக்குப் போனான். நடனப் படக் கதாநாயகன்போல் வெள்ளை உடை உடுத்தியிருந்தான். வீட்டு எண்ணில் இலக்கம் மாறிவிட்டது. அதே தெருவில் வேறொரு வீட்டு மணியை அடித்தார்கள். கதவைத் திறந்த பெண்மணி அஞ்சிக் கதவைச் சாத்திவிட்டுத் துப்பாக்கியை எடுக்கும்படி கணவரிடம் சொன்னார். பையன்கள் திரும்பி நடந்துகொண்டிருந்தார்கள். கணவர் கதவைத் திறந்து வெளியே வந்தார். ஹட்டோரி, 'விருந்துக்கு வந்தோம்' என்று சொல்லிக்கொண்டே சிரித்த முகத்தோடு அவர் பக்கம் நடந்தான். அவர் 'ஃபிரீஸ்' என்றார். அகராதியில் அதற்குப் பனியாய் உறைதல் என்று பொருள். 'அசையாதே, சுடுவேன்' என்பது அங்கே பிறந்து வளர்ந்தவனுக்குத் தெரிந்த பொருள். பையன் நிற்கவில்லை. குண்டு மார்பில் பாய்ந்தது.

1993 மே மாதம் ஜூரிகள் சில மணி நேரமே கூடிப் பேசி, சுட்டவர் குற்றவாளி அல்லர் என்று விடுவித்தார்கள். அவர் அஞ்சினார் என்பது உண்மை. அந்த அச்சம் நியாயமானது என்பது அவர்கள் முடிவு. நஷ்டஈட்டு வழக்கை விசாரித்த நீதிபதி 1994-இல் வேறுவிதமாகக் கண்டார். சுடவேண்டிய அவசியமே இருக்கவில்லை என்று, ஆறரை லட்சம் டாலர் கொடுக்க உத்தரவிட்டார். அந்தப் பெற்றோரின் செய்கையை மட்டும் இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. அமெரிக்க வீடுகளிலிருந்து துப்பாக்கியை அகற்றவேண்டும் என்று பதினேழு லட்சம் ஜப்பானியரிடம் கையெழுத்துத் திரட்டி, ஜனாதிபதி கிளிண்டனிடம் கொடுத்தார்கள். கிடைத்த பணத்தில் அமெரிக்க மாணவர்களை ஜப்பானுக்கு அழைத்துத் தங்கவைக்கும் நிதி ஒன்றை ஏற்படுத்தினார்கள். மகனைக் கொன்ற நாட்டின் பிள்ளைகளுக்குத் தங்கள் ஊர்க் கதவைத் திறந்துவிட்டார்கள்.

நண்பர்களே, நம் வாதத்தில் இருந்த பிழை இப்போது தெரிகிறதா? வீட்டுத் தற்காப்பு என்றவுடன் நாம் எல்லோரும் நம்மைக் கதவுக்கு உள்ளே நிறுத்திப் பார்த்தோம். புதிதாக ஒரு நாட்டுக்குப் போகிறவன் பெரும்பாலும் நிற்கும் இடம் கதவுக்கு வெளியே. வீட்டு எண் தெரியாதவன் அவன். மொழியின் நெளிவு தெரியாதவன் அவன். முகமும் நிறமும் பழகாதவை. உள்ளே இருப்பவரின் அச்சத்தையே சட்டம் அளவுகோலாக வைத்தால், அந்த அளவுகோல் எப்போதும் அவனுக்கு எதிராகவே சாயும்.

ஒருவன் வீடு அவனுக்குக் கோட்டை என்ற கொள்கை 1604-இல் இங்கிலாந்துத் தீர்ப்பு ஒன்றில் எழுதப்பட்டது. நல்ல கொள்கைதான். ஆனால் பிளாரிடா 2005-இல் அதை நீட்டியது. ஒருவன் வீட்டுக்குள் பலவந்தமாக நுழைந்தால், வீட்டுக்காரர் உயிருக்கு அஞ்சினார் என்று சட்டமே கருதிக்கொள்ளும். நியாயமாக நிற்கும் எந்த இடத்திலும் பின்வாங்க வேண்டியதில்லை. வேறு பல மாநிலங்கள் அதைப் பின்பற்றின. மணியடிப்பது பலவந்தமான நுழைவு ஆகாது என்பது உண்மையே. ஆனால் சட்டம் தரும் தைரியம் சட்டத்தின் வரம்போடு நிற்பதில்லை. 2023 ஏப்ரலில் கான்சாஸ் நகரில், தம்பிகளை அழைத்துவரப் போய்த் தவறான மணியை அடித்த பதினாறு வயதுக் கறுப்பினச் சிறுவன் சுடப்பட்டான். நல்ல வேளையாகப் பிழைத்தான். 2025 நவம்பரில் இந்தியானா மாநிலத்தில், குவாதமாலாவிலிருந்து வந்த ஒரு தாய், வீடு சுத்தம் செய்யும் வேலைக்குப் போனவள், தவறான வீட்டு வாசலில் கதவுக்கு உள்ளிருந்து வந்த குண்டுக்குப் பலியானாள். இரண்டிலும் சுட்டவர்மேல் சர்க்கார் குற்றம் சாட்டியது. 1992-க்கு இது எவ்வளவோ மேல். ஆனால் வழக்கு வந்தது குண்டு பாய்ந்த பிறகுதான்.

நம் நாட்டுச் சட்டம் மாசற்றது என்று நான் சொல்ல வரவில்லை. 1860-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தில் இருந்த தற்காப்பு விதிகள், 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளாக வந்துள்ளன. இங்கும் 'நியாயமான அச்சம்' என்ற சொல் உண்டு. இரவில் கன்னமிட்டு நுழைபவனைக் கொல்லவும் சில நிலைகளில் இடம் உண்டு. ஆனால் அதனோடு இரண்டு வேலிகள் இருக்கின்றன. தற்காப்புக்குத் தேவையான அளவுக்குமேல் தீங்கு செய்யக்கூடாது. அதிகாரிகளின் உதவியை நாட நேரம் இருந்தால் அந்த உரிமையே இல்லை. துப்பாக்கிக்கோ, 1959-ஆம் ஆண்டுச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும்; 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவருக்கு இரண்டுக்குமேல் கிடையாது. கரோல்பாக்கில் அந்தப் பெரியவர் கையில் இருந்தது தடி. தடி பிடித்தவருக்கு என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்க்க நேரம் இருந்தது. நான் இன்று இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு அந்த நேரம்தான் காரணமோ என்று எண்ணுகிறேன்.

எனவே என் முடிவு இது. ஒரே தெருவில் வாழ்ந்து வரி கட்டும் இருவருக்கு இருவேறு சட்டம் இருப்பது நியாயமன்று என்று நண்பர் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்குப் பரிகாரம் வந்தவன் கையிலும் ஒரு துப்பாக்கியைக் கொடுப்பது அன்று. 'உள்ளே இருந்தவர் அஞ்சினாரா?' என்பதோடு நிற்காமல், 'வெளியே நின்றவன் என்ன செய்தான்?' என்று சட்டம் கேட்கவேண்டும். அதுவே குடியேறியவனுக்கு உண்மையான பாதுகாப்பு.

அடுத்த ஆகஸ்டில் விமானம் ஏறப்போகும் நண்பருக்கு ஒரு வார்த்தை. பழக்கத்துக்காகக்கூட யாருடைய துப்பாக்கியையும் தொடாதீர்கள். உங்கள் விசா அதற்கு இடம் தராது. புது இடத்துக்கு இரவில் போனால் வாசலில் நின்று முதலில் டெலிபோன் செய்யுங்கள். 'ஃபிரீஸ்' என்ற சொல்லுக்கு அங்கே என்ன பொருள் என்பதை இங்கேயே கற்றுக்கொள்ளுங்கள். பிறகு உங்களுக்கென்று ஒரு வீடு அமைந்து, ஒருநாள் இரவு அறியாத ஒருவன் வந்து கதவைத் தட்டினால், கரோல்பாக் பெரியவரைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.