கொடுவாவுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது

கடலில் மீன் குறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவேன். ஆனால் கொடுவா இல்லை என்று மட்டும் என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம். இருக்கிறது. வீராம்பட்டினம் கரையில் இருக்கிறது, துறைமுக வாய்க் கல்லுக்குப் பக்கத்தில் இருக்கிறது, சுண்ணாம்பாற்று முகத்துவாரத்தில் இருக்கிறது. நான் கிளம்பி வந்த மறுநாள் அதே இடத்தில் யாரோ ஒரு பையன் அதைத் தூக்கிப் பிடித்துப் போட்டோ எடுத்துக்கொள்கிறான். போட்டோ சுற்றிச் சுற்றி என் வாட்ஸ்அப்புக்கும் வந்து சேருகிறது. கூடவே ஒரு வரி: ‘சிம்பிளா மாட்டிச்சு.’ மீன்கூட இல்லை, இந்த ‘சிம்பிளா’தான் வயிறு எரிய வைக்கிறது.

வஞ்சரத்துக்கு ஆசைப்பட்டால் படகு வேண்டும், டீசல் வேண்டும். அந்த ஆசையெல்லாம் எனக்கு வந்ததே இல்லை. கொடுவா அப்படிப்பட்டதில்லை. முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டே பிடிக்கக்கூடிய பெரிய மீன். அலை உடைந்து, நுரைத்து, கரையைத் தொட்டுவிட்டுத் திரும்பும் இடம் இருக்கிறதே, அங்கேதான் அதன் வேட்டை. மடவைக் குஞ்சுகளைக் கரைப்பக்கம் ஒதுக்கிக்கொண்டு வந்து, வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சும். ‘டப்’ என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தை நன்றாகக் கேட்டிருக்கிறேன். எப்போதும் என் இரைக்கு நாலடி தள்ளித்தான் கேட்டிருக்கிறேன்.

மற்றதெல்லாம் மாட்டும். கீச்சான் மாட்டும். கையில் எடுத்ததும் கீச் கீச்சென்று நம்மையே திட்டும். கெளுத்தி மாட்டும். முள் குத்திவிட்டால் முழங்கைவரை கடுக்கும், அன்றைய ராத்திரி வெந்நீர்க் குண்டானுக்குள் கையை வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். பேத்தை இருக்கிறதே, அது மாட்டுவதுகூட இல்லை. வாயில் நாலு தகடாகப் பல். நரம்பை முள்ளோடு நறுக்கி எடுத்துக்கொண்டு போய்விடும். தப்பித்தவறிக் கரைக்கு வந்தாலும் வயிற்றை உப்பிக்கொண்டு மணலில் உருண்டு கிடக்கும். விஷம். பூனைக்குக்கூடப் போட முடியாது. அலை கொஞ்சம் அடங்கியிருந்தால் நண்டு வந்து இரையைச் சத்தமில்லாமல் தின்றுவிட்டுப் போகும். உயிர் இறால் என்ன விலை விற்கிறது என்று அந்த நண்டுக்குத் தெரியுமா? கொடுவாவுக்கென்று வாங்கிக் கொண்டுபோகும் இறாலில் பாதி நண்டுக்கு, பாதி பேத்தைக்கு. வீட்டில் குழம்புக்கு அந்த இறால் வாங்கியிருந்தால் நாலு பேர் திருப்தியாகச் சாப்பிட்டிருக்கலாம். இது என் வார்த்தை இல்லை, வீட்டில் சொல்வது.

சுத்துக்கேணிக்காரனுக்குக் கடலில் என்ன வேலை என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. எங்கள் ஊருக்குச் சங்கராபரணி இருக்கிறது. ஊசுடு ஏரிக்குத் தண்ணீர் கொண்டுபோகும் வாய்க்காலுக்கே எங்கள் ஊர்ப் பெயர்தான். விராலும் ஜிலேபியும் வேண்டுமென்றால் பைக்கை எடுக்கவே வேண்டாம். அந்த ஆற்றிலும் கொடுவாவுக்குப் பங்கு உண்டு என்பதுதான் என் ஆதங்கத்தின் மறுபாதி. இது கடல்முகத்தில் முட்டையிடும் மீன். குஞ்சுகள் கழிமுகத்துக்குள் நுழைந்து, உப்பு குறைந்த தண்ணீரிலும் ஆற்றுத் தண்ணீரிலும் வளரும், பெரிதானதும் மறுபடி கடல்பக்கம் இறங்கும். எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர், தன் சின்ன வயதில் வெள்ளத்தோடு வெள்ளமாகக் கொடுவா ஊர்வரைக்கும் ஏறி வந்ததென்று சத்தியம் பண்ணுகிறார். அவர் சத்தியம் பண்ணும் மற்ற விஷயங்களை வைத்துப் பார்த்தால் இதை அப்படியே நம்புவது கஷ்டம். ஆனால் இன்றைக்கு ஏற நினைத்தாலும் வழி இல்லை. குறுக்கே படுகை அணைகள். மழைக்காலம் போனால் பல இடத்தில் ஆற்றில் தண்ணீரும் இல்லை. அது வர வேண்டிய வழி அடைந்துபோனதால், பத்துக்கண்ணு, வில்லியனூர், அரியாங்குப்பம் என்று நான் அதைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

இன்னொரு விசித்திரம் இந்த மீனுக்கு. முதலில் ஆணாக இருக்கும். சில வருஷம் ஆணாக வாழ்ந்து, பெரிதான பிறகு பெண்ணாக மாறும். ஆக, ஒரு மீட்டர் நீளத்துக்கு வளர்ந்த கொடுவா என்றால் அது அநேகமாகப் பெண்தான். இதை ஏதோ பெரிய கண்டுபிடிப்பு என்று வீட்டில் சொல்லி வைத்தேன். “அதான் உங்ககிட்ட ஏமாற மாட்டேங்குது” என்று பதில் வந்தது.

சுத்துக்கேணிக்கும் வீராம்பட்டினத்துக்கும் உறவு என்னோடு தொடங்கியதில்லை. ழான்-மரி கசால் என்ற பிரெஞ்சு அகழாய்வாளரும் அவர் மனைவியும் 1956-ல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே இந்த இரண்டு ஊர்ப் பெயரும் சேர்ந்து நிற்கின்றன. அங்கே ஆற்றோரம் அரிக்கமேட்டுப் பட்டினம், இங்கே எங்கள் ஊர்ப் பெருங்கற்காலப் புதைகுழிகள். தங்க நகைகூடக் கிடைத்தது. ரெண்டாயிரம் வருஷத்துப் பொருளை மண்ணுக்கடியிலிருந்து தோண்டி எடுத்துவிட்டார்கள். ரெண்டடித் தண்ணீரில் நிற்கிற மீனை என்னால் எடுக்க முடியவில்லை.

வீராம்பட்டினத்தில் படகு நிழலில் உட்கார்ந்து வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் ஒருநாள் மனசு விட்டுச் சொன்னேன். நிமிராமலே கேட்டார்.

“நீ என்னைக்கு வர்ற தம்பி?”

“ஞாயித்துக்கிழமைங்க.”

“அதுக்கு ஞாயித்துக்கிழமை தெரியுமா? அமாவாசை, பௌர்ணமிய ஒட்டி ஏத்தம் நல்லா இருக்கும். ஏத்தத்துல உள்ள போவும், வத்தம் திரும்பறப்ப வாய்கிட்ட வந்து நிக்கும். உள்ளேர்ந்து தண்ணியோட வர்ற பொடிய அங்க நின்னு வாங்கித் தின்னும். நீ அப்ப வரணும்.”

வரலாம்தான். அமாவாசை என்னைக் கேட்டா வருகிறது? சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் எனக்கு ஷிப்ட் வேலை. அமாவாசை செவ்வாய்க்கிழமை வந்தால் எனக்குப் பகல் ஷிப்ட். வியாழன் வந்தால் ராத்திரி ஷிப்ட். என்றைக்காவது ஞாயிறும் அமாவாசையும் ஒன்றாகச் சேர்ந்தால் அன்றைக்கென்று கடல் பொங்கிக்கொண்டு நிற்கும், ஈயக்குண்டு போட்ட இடத்தில் நிற்காது, அலை அதை உருட்டிக் கரைக்கே கொண்டுவந்து தந்துவிடும். ஒருதரம் எல்லாம் கணக்குப் போட்டு, ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை லீவு எடுத்துக்கொண்டு போனேன். செங்கழுநீர் அம்மன் தேர். பிரெஞ்சுக்காரன் காலத்தில் கவர்னர் வந்து வடம் பிடித்த தேர், இப்போது துணைநிலை ஆளுநர் பிடிக்கிறார். ஊரே திரண்டு நிற்கிறது. கரையில் கால் வைக்க இடமில்லை, நான் ராடும் ரீலுமாக நடுவில் நிற்கிறேன். அம்மனைக் கும்பிட்டுவிட்டு, பஞ்சுமிட்டாய் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

இடமாவது ஒரே இடமாக இருக்குமா என்றால் அதுவும் இல்லை. வாடைக்காலத்தில் நீரோட்டம் வடக்கேயிருந்து தெற்கே போகும், மற்ற மாதங்களில் தெற்கேயிருந்து வடக்கே. மணலும் கூடவே போகும். மூன்று வாரம் முன்னால் கரையோரம் நல்ல குழியாக, கொடுவா வந்து நிற்க வாகாக இருந்த இடம் இப்போது போய்ப் பார்த்தால் மணல்திட்டு, அதில் நாலு பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். எண்பதுகளில் துறைமுகத்துக்குக் கல் போட்டதிலிருந்து மணல் தெற்குப் பக்கம் தேங்கியது, வடக்கே நகரத்துக் கடற்கரை கரைந்து வெறும் பாறாங்கல்லாக நின்றது. பின்னால் கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்துத் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கொஞ்சம் மணலை மீட்டார்கள். மனிதன் போட்ட கல்லை மனிதனே சமாளிக்க இத்தனை பாடு. இதில் மீன் எங்கே நிற்கும் என்று நான் என்னத்தைக் கணக்குப் போட?

சாமான் விஷயத்தைச் சொன்னால் இன்னும் வயிற்றெரிச்சல். என்னிடம் இருப்பது நல்ல ராடு, சத்தமே போடாத ரீல், தங்கூசியைவிட மெல்லிசான, அதைவிட உறுதியான நரம்பு, பெட்டி நிறைய ரப்பர் மீன். ஒவ்வொரு ரப்பர் மீனுக்கும் நிஜ மீனைவிட விலை அதிகம். துறைமுகக் கல்லில் எனக்குப் பக்கத்தில் உட்காரும் பையனிடம் இருப்பது காலித் தண்ணீர் பாட்டில் ஒன்று, அதில் சுற்றிய தங்கூசி, ஒரு முள். பாட்டிலைத் தொடைக்குக் கீழே செருகிக்கொண்டு போன் பார்த்துக்கொண்டிருப்பான். கொடுவா அவனுக்குத்தான் மாட்டும்.

அங்கே ஒரு ராத்திரி, டார்ச்சைத் தண்ணீரில் அடித்தபோது கல் இடுக்கில் இரண்டு சிவப்புப் புள்ளி. கொடுவாவின் கண் வெளிச்சம் பட்டால் அப்படித்தான் மின்னும். அசையாமல் நின்றது. உயிர் இறாலை அதன் மூக்குக்கு நேரே இறக்கினேன். இறால் துடிக்கிறது, மீன் பார்க்கிறது. செவுள் மட்டும் மெதுவாகத் திறந்து மூடுகிறது. இறால் களைத்துப்போய்ச் சும்மா தொங்க ஆரம்பித்துவிட்டது. கொடுவா நிதானமாக வாலை ஒரு தட்டுத் தட்டிக் கல்லுக்கடியில் போய்விட்டது. பசியில்லை என்றால் இல்லை என்று முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

மாட்டவே இல்லை என்று சொன்னால் பொய். ஒரு மழை விட்ட சாயங்காலம், ஆற்றுத் தண்ணீர் பழுப்பாகக் கடலில் கலக்கிற கோட்டில் மடவைக் குஞ்சைப் போட்டிருந்தேன். ரீல் அலறியது. நரம்பு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடுகிறது. அப்புறம் அது எழும்பியது பாருங்கள், முழு உடம்பும் தண்ணீருக்கு மேலே, வாய் ஆவென்று திறந்து, செவுள் இரண்டும் விரிந்து, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உதறுகிற உதறலில் சடசடவென்று சத்தம் கரைக்குக் கேட்டது. வெள்ளி வயிறு, குழிந்த நெற்றி, எல்லாம் பார்த்தேன். தண்ணீரில் விழுந்தது, நரம்பு தொய்ந்தது. சுற்றி எடுத்துப் பார்த்தால் முள் இல்லை. நரம்பின் நுனி பிசிறு பிசிறாக, அரத்தில் உரசியது போல் இருந்தது. அதன் செவுள்மூடி ஓரம் அப்படிக் கூர்மை. பிடித்தவர்கள்கூட அதில் விரல் வைக்க மாட்டார்கள். தடித்த நரம்பு கட்டியிருக்கலாமே என்று உடனே நாலு பேர் சொன்னார்கள். கட்டிப் பார்த்தாயிற்று. தடித்த நரம்பைக் கண்டால் பக்கத்திலேயே வருவதில்லை.

2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து, புதுச்சேரியில் ஒரே நாளில் சுமார் 48 செ.மீ. மழை கொட்டியது. வீடூர் அணையைத் திறந்தார்கள், சங்கராபரணி இரண்டு கரையும் தாண்டி ஓடியது. பயிர் போனவன், வீட்டுக்குள் சேறு வாருகிறவன் என்று சுற்றிலும் ஆட்கள் நிற்கும்போது ‘முகத்துவாரத்தில் இப்போது கொடுவா கூடியிருக்குமே’ என்று நினைக்கிற புத்தியை என்ன செய்வது? நினைத்தேன், போகவில்லை. போனவர்களுக்கு மாட்டியிருக்கும்.

உலகத்தில் இந்த மீனுக்காக ஏங்குகிறவன் நான் ஒருத்தன் மட்டுமில்லை. கல்கத்தாக்காரர்கள் பேட்கி என்று உயிரை விடுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் இதன் பெயர் பாரமுண்டி. வடக்கு ஆஸ்திரேலியாவில் 2015-லிருந்து பாரமுண்டிகளுக்கு அடையாள வில்லை மாட்டி ஆற்றில் விட்டு, குறிப்பிட்ட வில்லை உள்ள மீனைப் பிடித்தால் பத்து லட்சம் டாலர் என்று போட்டி வைக்கிறார்கள். வருஷக்கணக்கில் யாருக்கும் அந்த மீன் சிக்கவில்லை. 2024-ல்தான் ஒரு பையனுக்குச் சிக்கியது. எனக்கு டாலர் வேண்டாம், வில்லையும் வேண்டாம்.

திரும்பும் வழியில் மீன் வாங்கிக்கொண்டு போவது பழக்கமாகிவிட்டது. வில்லியனூரில் ஒரு மீன்காரம்மா, என் முதுகில் தொங்கும் ராடைப் பார்த்ததுமே ஐஸ் பெட்டியைத் திறந்துவிடுவார். “வா தம்பி, இன்னிக்கும் என்கிட்டதானா?” கொடுவாவைத் தூக்கிச் செவுளைப் பிளந்து காட்டுவார். வெட்டச் சொன்னால் துண்டு போட்டுத் தருவார். துண்டு வேண்டாம், முழுசாகவே கொடுங்கள் என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. சிரிப்பை மட்டும் அடக்கிக்கொண்டார். வீட்டில் அடக்கவில்லை. ஐஸ் ஒட்டிய மீனைக் கடலிலிருந்து பிடித்து வந்ததாகச் சொன்னால் குழந்தைகூட நம்பாது.

அதிலும் இப்போது பாதி குளத்துக் கொடுவா. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-ல் கொடுவாவைத் தொட்டியில் வைத்து முட்டையிட வைத்தது. அதன் பிறகு குஞ்சு வாங்கிக் குளத்தில் விட்டு, உருண்டைத் தீவனம் போட்டு வளர்க்கிறார்கள். நான் உயிர் இறாலை மூக்குக்கு நேரே நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற அதே ஜாதி, குளத்தில் தீவனச் சட்டியைத் தட்டினால் முண்டியடித்துக்கொண்டு வருகிறதாம். பாகூர் பக்கத்தில் மச்சான் முறை ஆகிற ஒருத்தர் குளம் வைத்திருக்கிறார். “வாங்க மாமா, நம்ம குளத்துலயே தூண்டி போடுங்க. மாட்டலன்னா வலை போட்டுத் தரேன்” என்கிறார். பிரியமாகத்தான் சொல்கிறார். அந்த ‘மாட்டலன்னா’வை மட்டும் சொல்லாமல் இருந்திருக்கலாம். வர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். குளத்தில் பிடித்தால் அது மீன் வாங்கியது மாதிரிதான் ஆகும்.

அடுத்த அமாவாசை புதன்கிழமை. லீவுக்கு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்கிற இடத்தில் ‘சொந்த வேலை’ என்று போட்டிருந்தேன். சூப்பர்வைசர் தாளைப் படித்துவிட்டு, பேனாவைத் திறந்தவர் கையெழுத்துப் போடாமல் என்னைப் பார்த்தார். “கொடுவாவா? மாட்டுனா எனக்கும் ரெண்டு துண்டு.”