சொத்தல்ல, முறை கேட்டு வருகிறார்கள்!

கோவளத்துக் கரையிலே கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவன் இழுத்து வலை கரையேறாது. அண்ணன், தம்பி, மாமன், மைத்துனன் எனப் பல கை சேரவேண்டும். ஏழை வீட்டிலே சொத்து இராது, உறவு உண்டு. அந்த உறவையும் வறுமை பறித்துவிட்டால்?

பறித்திருக்கிறது, தோழர்களே! பல்லாவரத்து இல்லம் ஒன்றிலிருந்து 1979 இல் டென்மார்க்குக்குத் தத்துப் போன பிள்ளை, 40 ஆண்டு கழித்து, 2019 இல் பெற்ற தாயைக் கண்டார். வளர்த்தவர் அன்பில் குறையா? இல்லை. 'நான் யார்?' என்ற கேள்விக்கு விடை வேண்டியிருந்தது.

இப்படித் தேட 2022 ஆம் ஆண்டின் தத்தெடுப்பு விதிகள் வழி தருகின்றன. 18 வயது நிறைந்தவர் மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்திடம் தாமே விண்ணப்பிக்கலாம். ஒப்படைத்தபோதே தம் பெயரை மறைக்கக் கோரிய பெற்றோரின் ஒப்புதல் மட்டும் தேவை. அது முறையே. ஊர்ப்பேச்சுக்கு அஞ்சிப் பிள்ளையைத் தந்தவளின் மானமும் மானமே!

ஆனால், அந்தத் தாய் மறைந்துவிட்டால்? அத்தை இருக்கிறாள், சித்தப்பா இருக்கிறார், உடன்பிறந்தான் இருக்கிறான். விதி பெற்றோரைப் பேசுகிறது, இவர்களைப் பேசவில்லை. தேடி வந்தவர் இடுகாட்டோடு திரும்புவதா?

"சொத்துக்கு வருகிறான்" என்று அஞ்சுவோர் உண்டு. 2015 ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, தத்து ஆணை வந்த நாள் தொட்டே பிறந்த குடும்பத்துடனான சட்டப் பிணைப்பு அற்றுப்போகிறது. அவர் கேட்பது பங்கல்ல. 'அத்தை' என்று அழைக்க ஒருத்தி!

ஆகவே அரசைக் கேட்கிறோம். செங்கற்பட்டிலும் மற்ற மாவட்டங்களிலும் உள்ள குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளில், உறவினர் விரும்பி முன்வந்து பெயர் பதிய ஓர் ஏடு திறக்கட்டும். அது மறைவாகவே இருக்கட்டும். இரு தரப்பும் இசைந்தால் மட்டுமே சந்திப்பு. பழைய இல்லங்களின் பதிவேடுகளைக் கரையான் தின்னுமுன் அரசு காக்கட்டும்.

தோழர்களுக்கும் ஒரு சொல். மொழி தெரியாத ஒருவர் பழைய படத்தோடு உங்கள் தெருவில் நின்றால், கூட்டம் கூட்டாதீர். எந்தத் தாயின் பெயரையும் சந்தியிலே இழுக்காதீர். அலுவலகத்துக்கு வழி காட்டுங்கள். வறுமை அறுத்த கயிற்றை முடிச்சிட்டுத் தருவது நம் கடமை!